வழிக்காவல்

அப்பாவின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து மங்கையர்க்கரசி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. முடிச்சு மறுபடி நழுவியது. ஐம்பது வருஷம் தறிக்குழியில் மிதியை மிதித்த வலது கால், உயிரோடு இருந்தபோதே கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பித்தான் இருக்கும். இப்போதும் அது சொன்ன பேச்சைக் கேட்பதாக இல்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு துணியை இன்னொரு சுற்று சுற்றினாள்.

"மங்கையர்க்கரசி தானேமா? ஆயுதப்படைலருந்து ஏட்டு அந்தோணி பேசறேன். உங்க அண்ணனுக்கு வழிக்காவல் ஆர்டர் ஆயிடுச்சு. நாலு பேர் போறோம். பதினோரு மணிக்கு ஜெயில்லருந்து எடுத்தா நாலு மணிக்குள்ள மெட்ராஸ் ஆஸ்பத்திரில ஒப்படைச்சிருவோம். துணிமணி குடுக்கறதுன்னா நேரா அங்க வந்துருங்க."

"இன்னைக்கேவா சார்?"

"இன்னைக்கே தாம்மா. கட்டில் ஒண்ணு காலி ஆயிருக்குதாம். அஞ்சு மணி வரைக்கும் தான் நமக்குன்னு வெச்சிருப்பாங்களாம்."

"சரி சார்," என்றாள். அப்பா இறந்துபோய் மூன்று மணி நேரம் ஆகிறது என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் வண்டி நின்றுவிடும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. முடிச்சை இறுக்கிவிட்டு எழுந்தாள். உட்கார இடமிருந்தும் உட்காரவில்லை. காலையிலிருந்தே அவளால் உட்கார முடியவில்லை.

அண்ணன் லோகேஸ்வரன் ஜெயிலுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவன் இருக்கவேண்டிய இடம் அதில்லை என்று ஜெயில் டாக்டரே எழுதிக் கொடுத்தார். அதைப் பார்த்துவிட்டு நீதிபதி, மனநல ஆஸ்பத்திரியின் காவல் வார்டுக்கு மாற்றச் சொல்லி உத்தரவு போட்டு ஏழு மாசம் முடிந்துவிட்டது. உத்தரவு போட்டால் போதுமா? கைதியை அழைத்துப் போக வழிக்காவலுக்கு நாலு போலீஸ்காரர்கள் வேண்டும். முதல் தடவை யாரோ மந்திரி வந்தார். இரண்டாம் தடவை திருவிழா பந்தோபஸ்து. மூன்றாம் தடவை ஆள் இருந்தார்கள், வண்டி இல்லை. நாலாம் தடவை ஆளும் வண்டியும் இருந்தும் ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. ஒவ்வொரு தடவையும் புது மனு. அத்தனையையும் மங்கையே டைப் அடித்தாள். கோர்ட்டுக்கு எதிரில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் பதினோரு வருஷமாக ஊரார் மனுவை எல்லாம் அடித்துக் கொடுக்கிறவள் அவள். 'மேற்படி கைதி' என்று வரும் இடத்தில் மட்டும் விரல் ஒரு கணம் நிற்கும். அப்புறம் ஓடிவிடும்.

ஜெயிலில் அவன் சோற்றைத் தொடுவதில்லை. சோற்றுக்குள் சன்னமாகக் கம்பி கலந்திருக்கிறார்கள், அது வயிற்றுக்குள் போய் அவன் நினைப்பதையெல்லாம் வெளியே சொல்லிக்கொண்டிருக்கிறது என்பான். பழமும் பாலும் எப்போதாவது இறங்கும். மூன்று மாசத்தில் பதினாலு கிலோ குறைந்திருந்தான். போன மாசம் மனு போட்டுப் பார்க்கப் போனபோது, அங்கே ஒரு வார்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "பெரியவரே, இங்க நாங்க ஊசி போட முடியுமா, ஊட்டிவிட முடியுமா? சீக்கிரமா மாத்திக்கினு போங்க. இல்லன்னா வேற மாதிரி தான் அனுப்பி வெப்போம்," என்றார். திட்டுவதுபோலத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அண்ணனும் தங்கையும் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். சாயங்காலம் அவள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் நைனா கேட்டுவிடுவார். "சாப்ட்டானாமா?"

"சாப்ட்டான் நைனா."

"எத்தன?"

"ரெண்டு இட்லி."

எல்லாம் பொய். அங்கே யாரும் அவளுக்குப் போன் பண்ணிச் சொல்வதில்லை. ஒரே எண்ணைச் சொன்னால் சந்தேகப்படுவார் என்று சில நாள் ஒன்றரை என்பாள், சில நாள் மூன்று என்பாள். ஒருநாள் வாய்தவறி நாலு என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு நைனா கூட ஒரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்.

நேற்றே வக்கீல் ஜாடையாகச் சொல்லியிருந்தார், நாளைக்கு நடந்தாலும் நடக்கும் என்று. நைனா விடியற்காலையிலேயே எழுந்து ஒரு பையில் இரண்டு லுங்கி, ஒரு துண்டு, ஒரு பொட்டலம் பொட்டுக்கடலை உருண்டை எல்லாம் வைத்தார். பையின் வாயைக் கட்டிக்கொண்டே சுவரில் சாய்ந்தவர் அப்படியே இருந்தார். அம்மா கிருஷ்ணம்மாள் காப்பியை நீட்டினாள். வாங்கவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெரு முழுக்கத் தறி. சாவு விழுந்தால் எடுக்கும் வரைக்கும் யாரும் தறியில் இறங்க மாட்டார்கள். அதனால் தெருவுக்கே பழக்கமில்லாத ஒரு அமைதி. ஆடி வெள்ளி வேறு. தெருமுனை அம்மன் கோயிலில் நடை சாத்திக் கிடந்தது. இரண்டு மணிக்குள் எடுத்துவிட்டால் தெருவைக் கழுவிவிட்டு சாயங்காலம் திறக்கலாம் என்று கோயில்காரர்கள் பக்குவமாக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். சரி, சரி என்று எல்லோரிடமும் மங்கை தலையாட்டினாள். தலையாட்டிக்கொண்டே வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

ஒன்பது மணிக்கு கலியாணசுந்தரம் சித்தப்பா உள்ளே வந்தார். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திப் பார்த்தார்கள்.

அப்பாவின் ஒரே தம்பி அவர். அடுத்த வீடுதான், நடுவில் ஒரு சுவர். நாலு தறி போட்டிருக்கிறார். லோகேஸ்வரன் அவரிடம்தான் நெய்துகொண்டிருந்தான். ஏழெட்டு வருஷமாக மாத்திரையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தவன், வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரையைத் தறிக்குழியில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். ஒரு ஐப்பசி மாசம், கல்யாணச் சேலை ஒன்று முக்கால்வாசி ஏறியிருந்தபோது, சரிகைக்குள் கம்பி இருக்கிறது என்று பாவு நூலை, தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளை, கத்தரியால் அறுக்க ஆரம்பித்தான். சித்தப்பா ஓடிவந்து கையைப் பிடித்தார். அவன் கையில் கிடைத்தது நாடா, இழைக்குள் இப்படியும் அப்படியும் ஓடுகிற அந்தக் கட்டை. அதன் முனையில் இரும்புக் கூர் இருக்கும். சித்தப்பாவின் இடது கண் அன்றோடு போயிற்று. வழக்கை அவர் கொடுக்கவில்லை, சேர்த்த ஆஸ்பத்திரியிலிருந்தே போலீசுக்குப் போய்விட்டது. ஆனால் அன்றிலிருந்து அவர் சுவருக்கு இந்தப் பக்கம் வந்ததில்லை. அண்ணனும் தம்பியும் பால்காரனிடம்கூட ஒரே நேரத்தில் பால் வாங்கியதில்லை.

அவர் அண்ணனின் தலைமாட்டில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அண்ணியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, தம்பி," என்று மட்டும் சொன்னாள். இரண்டு வருஷமாக இதற்காகத்தான் மங்கை ஏங்கிக்கொண்டிருந்தாள்.

"மங்க, இங்க வாம்மா," என்றார் சித்தப்பா. "வக்கீல் தேவராஜன் கிட்ட பேசிட்டேன். லோகுவ கூப்ட்டுக்கினு வந்துரலாம். சாவுக்குன்னா கோர்ட்டுல விடுவாங்களாம். கண்ணு போனவன் நானே ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுத்தா அப்பறம் எவன் தடுக்கறது? எங்க அண்ணனுக்கு அவன் தான் கொள்ளி வெக்கணும்."

கூடத்தில் இருந்த பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். கலாவதி அத்தை, அப்பாவின் தங்கை, "நீ தான்டா மனுசன்," என்று சித்தப்பாவின் தோளில் சாய்ந்தாள்.

மங்கை அழவில்லை. "சித்தப்பா, இன்னைக்குத் தான் அவன ஆஸ்பத்திரிக்கு மாத்தறாங்க," என்றாள்.

"அது நாளைக்கு மாத்திக்கட்டுமே. எங்க ஓடிப்போவுது ஆஸ்பத்திரி?"

பின்கட்டுக்குப் போய் வக்கீலைப் போனில் கூப்பிட்டாள். தேவராஜன் சின்ன காஞ்சிபுரத்துக்காரர். அவசரத்திலும் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துப் பேசுவார்.

"சொன்னார்மா, உங்க சித்தப்பா. பெரிய மனசு. ஆனா நான் மறைக்கப்படாது. வழிக்காவல் இன்னிக்கு ஒண்ணுதான். சாவுக்கு வந்தான்னா நேரே திரும்ப ஜெயிலுக்குத்தான். அஞ்சு மணிக்கு மேல அந்தக் கட்டில வேற யாருக்காவது குடுத்துடுவா."

"அடுத்து எப்ப சார் கெடைக்கும்?"

"ஏழு மாசமா நீங்கதானே அலைஞ்சேள். என்னைவிட உங்களுக்கே தெரியும்."

"மனு யார் குடுக்கணும்?"

"இதுவரைக்கும் எல்லாம் உங்க பேர்லதான் போயிருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் நான் எடுக்க முடியும். போடுங்கோன்னும் சொல்லலை, போடாதீங்கோன்னும் சொல்லலை. கொள்ளி விஷயம். நாளைக்கு யாரும் என்னைத் திட்டப்படாது."

போனை வைத்துவிட்டுக் குளியலறைக் கதவைத் திறந்தாள். எதற்கென்று தெரியாமல் மூடினாள். துணிக்கொடியில் நைனாவின் பனியன் காய்ந்துகொண்டிருந்தது. எடுத்து மடித்தாள். மடித்ததை வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

சித்தப்பா எழுந்து நின்றார். "உன் கடையிலயே போயி அஞ்சு நிமிசத்துல டைப் அடிச்சிக்கினு வந்துரு. வண்டி எடுக்கச் சொல்லட்டா?"

"நான் அடிக்க மாட்டேன் சித்தப்பா."

"இன்னாது?"

"அவன் இங்க வந்தா திரும்ப ஜெயிலுக்குத் தான் போவணும். இன்னொரு வாட்டி அவன எடுக்கறதுக்குள்ள எத்தன மாசம் ஆவும்னு தெரியாது. அவ்ளோ நாள் தாங்க மாட்டான். நீங்க பாக்கல சித்தப்பா. நான் பாத்தேன். மண்டையோட்டுல தோல் போத்தன மாதிரி இருக்கறான்."

"ஒரு நாளு தானடி," என்றாள் கலாவதி அத்தை. "பெத்த அப்பனுக்குப் புள்ள கையால நெருப்பு வேணாமா? இருக்கறப்பதான் நிம்மதி இல்ல அவருக்கு. போறப்பவும் வேணாமா?"

"வேணும் அத்த. ஆனா முடியாது."

"யார்டி நீ முடியாதுன்றதுக்கு?"

அண்ணனின் சீக்கால் கல்யாணம் மூன்று இடத்தில் தட்டிப்போன தங்கை என்றோ, அவனுக்காக நூற்றுக்கணக்கில் தாள் அடித்தவள் என்றோ சொல்லியிருக்கலாம். அவள் பனியனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

சித்தப்பாவின் நல்ல கண் சிவந்துவிட்டது. "ஒரு கண்ணக் குடுத்தவன் நான். நானே வான்றேன். கூடப் பொறந்தவ நீ வேணான்ற. சரி. நாளைக்கு என்னைக் கேக்காத." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவர் காலில் விழுந்து பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது அவளுக்கு. விழுந்தால் சரி என்று சொல்லிவிடுவாள். அதனால் விழவில்லை.

அம்மாவைப் பார்த்தாள். அம்மா அப்பாவின் முகத்தை மொய்க்க வந்த ஈயை விசிறிக்கொண்டிருந்தாள். கூடம் முழுக்க அம்மாவைத்தான் பார்த்தது. அம்மா யாரையும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு மங்கையோடு யாரும் பேசவில்லை. ஐஸ் பெட்டிக்காரன் மட்டும் பிளக் எங்கே என்று கேட்டான். காட்டினாள். ஷாமியானா போடுகிறவர்கள் கயிறு கட்ட ஆணி கேட்டார்கள். கொடுத்தாள். மணி பத்தரை ஆயிற்று, பத்தே முக்கால் ஆயிற்று. மேளக்காரர்கள் வந்து தப்புக்குச் சூடு காட்டினார்கள். கொள்ளி வைப்பது யார் என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் உதட்டைப் பிதுக்கியதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பதினொன்றரைக்கு அந்தோணியிடமிருந்து போன்.

"ஒரு சிக்கல்மா. வாசல் வரைக்கும் வந்துட்டாரு. வண்டில ஏற மாட்டேன்றாரு. கதவப் புடிச்சிக்கினு நிக்கறாரு. பலவந்தம் பண்ணலாம், எனக்கு மனசு வரல. போன வாட்டி கோர்ட்டுக்கு எடுத்தப்ப உங்க நைனா ரெண்டு வார்த்த பேசினாரு, பேசாம ஏறினாரு. அவர் கிட்ட போன குடுங்கமா."

மங்கை கூடத்தின் நடுவில் இருந்த கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள்.

"நைனா இல்ல சார்."

"வெளிய போயிருக்காரா? எப்ப வருவாரு?"

"காலைல போயிட்டாரு சார். இறந்துட்டாரு. நீங்க காலைல பேசறப்பவே இல்ல."

அந்தப் பக்கம் வண்டி இன்ஜின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. "ஏம்மா அப்பவே சொல்லல?" என்றார்.

"சொன்னா நிறுத்திருவீங்கன்னு பயம் சார். நிறுத்தாதீங்க. தயவு பண்ணி ஏத்திடுங்க."

"அவருக்குச் சொல்லவா?"

"வேணாம் சார். ஆஸ்பத்திரில டாக்டர் சொல்லிக்கட்டும். இப்ப வேணாம்."

"சரி. நான் பாத்துக்கறேன்," என்று வைத்துவிட்டார்.

இருபத்தைந்து நிமிஷம். அதற்குள் அவள் வாசலுக்கு எட்டு முறை போயிருப்பாள். மறுபடி போன் வந்தபோது அந்தோணி குரலைத் தாழ்த்திப் பேசினார். "ஏறிட்டாரு. எப்டின்னு கேக்காத, என் கையப் புடிச்சிக்கினு தான் ஏறினாரு. இப்ப ரோட்டுல வந்துக்கினு இருக்கறோம். ஒரு மணி வாக்குல திருப்புட்குழி கிட்ட டீ குடிப்போம். பெட்ரோல் பங்க் பக்கத்துல புளிய மரத்தாண்ட ஒரு கட. பத்து நிமிசம். கைதிய வழியில யாருக்கும் காட்டக்கூடாது, அது ரூல். டீ குடிக்கறப்ப நான் அந்தப் பக்கம் திரும்பித் தான் குடிப்பேன்."

அவள் வண்டிச் சாவியைத் தேடினாள். சாவி கையிலேயே இருந்தது. கிளம்பியவளிடம் அம்மா, "நில்லு," என்றாள். காலையிலிருந்து அவள் மகளிடம் பேசிய முதல் வார்த்தை.

வாய்க்கரிசிக்காக முறத்தில் அரிசி எடுத்து வைத்திருந்தார்கள். அம்மா எழுந்து போய் அதிலிருந்து இரண்டு கையாலும் அள்ளினாள். கோடித் துணியின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, அரிசியை அதில் வைத்து முடிந்தாள்.

"நெருப்பு தான் அவன் கையால இல்லன்னு ஆயிடுச்சு. இதுல அவன் கைய வெக்கச் சொல்லி எடுத்துக்கினு வா. இன்னாத்துக்குன்னு சொல்லாத. சும்மா தொடுடான்னு சொல்லு."

கலாவதி அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

ஒலிமுகமதுபேட்டையைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறும்போது மணி பன்னிரண்டரை. சாவு வீட்டுப் பெண் தலைமுடியைக்கூட முடியாமல் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போவதைப் பலரும் திரும்பிப் பார்த்தார்கள். துணி முடிப்பை இடுப்பில் செருகியிருந்தாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் ஒரு கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். லாரிகள் காதைக் கிழித்துக்கொண்டு போயின. இன்னும் வேகமாகப் போகவேண்டும் என்று இருந்தது. போனால் சீக்கிரம் போய் நிற்க வேண்டியிருக்குமே என்றும் இருந்தது.

புளியமரத்தடியில் காத்திருந்தாள். வந்த ஒவ்வொரு வேனும் அதுபோலவே தெரிந்தது. ஒன்று பத்துக்கு வந்தது, கம்பிவலை போட்ட நீல வண்டி. ஒல்லியாக, நரைத்த மீசையோடு இறங்கியவர்தான் அந்தோணி என்று குரல் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவர் அவளைத் தெரியாதவர்போல, "டீ சொல்லுங்கபா," என்று மற்ற போலீஸ்காரர்களை அனுப்பினார். பின்கதவை ஒரு சாண் திறந்து சங்கிலியை மாட்டினார். திரும்பி நின்றுகொண்டார்.

லோகேஸ்வரன் உட்காரவில்லை. வண்டிக்குள் தலை இடிக்கும் என்று குனிந்தபடி நின்றுகொண்டிருந்தான். கன்னம் உள்ளே போய்ப் பல் பெரிதாகத் தெரிந்தது. கையில் ஜெயில் போர்வையிலிருந்து உருவிய நூல்கள். இரண்டு இரண்டாக எடுத்து நுனிகளைச் சேர்த்து முறுக்கிக்கொண்டிருந்தான். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவைச் சேர்க்க இப்படித்தான் முறுக்குவார்கள். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கில் முறுக்க வேண்டும். சின்ன வயதில் அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து போட்டி போட்டுக்கொண்டு செய்த வேலை. எப்போதும் அவன்தான் ஜெயிப்பான்.

"அண்ணா," என்றாள்.

அவன் நூலை விட்டுவிட்டுப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. "யாரு அனுப்ச்சாங்க?"

"நான் மங்கா. நானே தான் வந்தேன்."

"மங்கா மாரி அனுப்பறாங்க. நெறைய பேர் வந்தாங்க." கொஞ்சம் குனிந்து, இரகசியமாகக் கேட்டான். "சாம்பல எதுல வெப்போம்?"

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கண் கலங்கியது. "நைனாவோட பொடி டப்பால. மூடி ஒடஞ்சிருக்கும். நீ தான் ஒடச்ச."

அவன் மெதுவாகத் தலையாட்டினான். கதவுக்குக் கிட்டே வந்தான். மங்கை இடுப்பிலிருந்து முடிப்பை எடுத்து அவிழ்த்தாள். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து அதில் துணியை விரித்து, கதவிடுக்கில் நீட்டினாள்.

"இது இன்னாது?"

"அரிசி. சும்மா கைய வெச்சித் தொடுண்ணா. அம்மா குடுத்தாங்க."

"அம்மாவே குடுத்தாங்களா? வேற யாரும் தொடலியே?"

"யாரும் தொடல."

அவன் அரிசியையே பார்த்தான். ஒரு விரலால் கிளறினான். கம்பி தேடுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு ஒரு கொத்து அள்ளினான், வாயில் போட்டுக்கொண்டான்.

"அண்ணா, வேணாம்!" என்றாள். பிணத்தின் வாய்க்கு என்று எடுத்த அரிசி. உயிரோடு இருக்கிறவன் தின்னலாமா? அம்மாவுக்கு எப்படிச் சொல்வாள்? கையை இழுத்துக்கொள்ளத்தான் நினைத்தாள். ஆனால் அவன் மென்றுகொண்டிருந்தான். பச்சரிசி பல்லில் அரைபடும் சத்தம் லாரிச் சத்தத்துக்கு நடுவிலும் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, விழுங்கினான். மறுபடி அள்ளினான்.

அந்தோணி ரூலை மறந்து திரும்பிவிட்டார். "விடும்மா, விடு," என்றார். "நாலு நாளா தண்ணி தவிர ஒண்ணும் எறங்கலன்னு ஜெயில்ல எழுதிக் குடுத்துருக்காங்க. இன்னா அரிசியா இருந்தா இன்னா."

மங்கை கையை இழுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள். அவன் தின்றான். மூன்றாவது கொத்து, நாலாவது கொத்து. அந்தோணி தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவன் வாங்கவில்லை. அவள் வாங்கிக் கொடுத்ததும் குடித்தான். துணியில் ஒரு சிறங்கை அரிசிகூட மிச்சம் இல்லாமல் குறைந்தபோது அவன் கை நின்றது.

"நைனாவுக்கு இருக்குதா?"

அவள் துணியில் மிஞ்சிய அரிசியைப் பார்த்தாள்.

"கேக்கறேன் இல்ல. வூட்ல நைனாவுக்கு இருக்குதா?"

"இது தாண்ணா இருக்குது."

அவன் வாயில் போடவிருந்ததைத் துணியிலேயே போட்டான். விரலில் ஒட்டியிருந்த குருணைகளையும் உதறினான். துணியின் நாலு முனையையும் சேர்த்து முறுக்கினான், நூலை முறுக்குகிற மாதிரி, சிக்கனமாக, அழுத்தமாக. அவள் உள்ளங்கையில் வைத்து அவள் விரல்களை மூடினான்.

"இது நைனாவுக்கு. நீ துன்றாத."

"துன்ன மாட்டேன்."

"நீ துன்னுவ. உன்ன எனக்குத் தெரியும்," என்றான். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. அந்தோணி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சங்கிலியைக் கழற்றினார். கதவு மூடியது. வண்டி கிளம்பி மேம்பாலத்தில் ஏறி மறையும் வரை அவள் ஸ்கூட்டரைக் கிளப்பவில்லை. பிறகு கிளப்பினாள், வந்ததைவிட வேகமாகப் போனாள்.

தெருவுக்குள் நுழையும்போதே மேளம் பலமாகக் கேட்டது. பாடை கட்டி முடித்திருந்தார்கள். வாசல் குழாயடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு யாரோ உட்கார்ந்திருக்க, நாவிதர் தலையை மழித்துக்கொண்டிருந்தார். சுடுகாட்டில் நேரமாகிவிடும் என்று இங்கேயே எடுக்கிறார்கள்போல. யார் என்று கிட்டே போய்ப் பார்த்தாள். கலியாணசுந்தரம் சித்தப்பா. பாதித் தலை வெளுத்திருந்தது, மீதிப் பாதியில் நரைமுடி நனைந்து ஒட்டியிருந்தது. மீசையும் போயிருந்தது.

அவர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. "பாத்தியா?" என்றார்.

"பாத்தேன் சித்தப்பா."

"எப்டி இருக்கறான்?"

அவள் துணி முடிப்பைக் காட்டினாள். அவர் நல்ல கண்ணை உயர்த்தி அதைப் பார்த்தார். அந்த முறுக்கைப் பார்த்ததும் அது யார் போட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பதினைந்து வருஷம் அவரிடம் பாவு பிணைத்த கை.

"போ. போயி போடு. மணி ஆயிடுச்சு," என்றார். நாவிதரிடம், "உம், ஆவட்டும்பா," என்று மறுபடி குனிந்துகொண்டார்.

உள்ளே பெட்டியின் மூடியை எடுத்திருந்தார்கள். வாய்க்கரிசி போடப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அம்மா வரிசையை நிறுத்தி வைத்திருந்தாள். மங்கை கையில் இருந்ததைப் பார்த்து அம்மா, "தொட்டானா?" என்றாள். "உம்," என்றாள் மங்கை. மற்றதை எல்லாம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

முறுக்கைப் பிரிக்க நேரமாயிற்று. அவ்வளவு இறுக்கமாகப் போட்டிருந்தான். நைனாவின் மூடிய உதட்டின் மேல் அரிசியை வைத்தாள். கொஞ்சம் நின்றது, கொஞ்சம் கழுத்துப் பக்கம் சரிந்தது. சரிந்ததைப் பொறுக்கி எடுத்து மறுபடி வைத்தாள்.

குனிந்து காதருகில், "சாப்ட்டான் நைனா," என்றாள்.

பின்னால் நின்ற கலாவதி அத்தை தோளைத் தொட்டு, நகரச் சொன்னாள். மங்கை நகரவில்லை. அவர் எப்போதும் கேட்கிற அடுத்த கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"நாலு பிடி."

வெளியே சங்கு ஊதினார்கள். அவள் எழுந்து அடுத்தவருக்கு வழிவிட்டாள்.